பால்பல் விழட்டும் என்று காத்திருக்கலாமா?

"பால்பல்லுத்தானே, விழட்டும், பிறகு பாப்பம்."

பிள்ளையின் பல்லைப் பற்றிக் கதை எடுத்தால் எங்கட சனத்தில் முதலில் வருகிற வசனம் இதுதான். அம்மா சொல்லுவா, மாமி சொல்லுவா, வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி தெரியும்போது பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத அன்ரியும் சொல்லுவா. முன்பல் கொஞ்சம் நெருக்குப்பட்டு முளைக்கிறது, மேற்பல் கொஞ்சம் மிதப்பாக இருக்கிறது என்றால் அந்தப் புத்திமதி பெரும்பாலும் சரி. அவசரப்படத் தேவையில்லை. ஆனால் குறுக்குக்கடி என்று வந்தால் அது பிழையான புத்திமதி. டொக்டர்மார் குரொஸ்பைட் என்று சொல்வது இதைத்தான். இந்த நீண்ட பதிவு முழுக்க அதைப் பற்றித்தான், தேத்தண்ணியோடு இருங்கோ.

நாங்கள் இருப்பது ஹெவ்லொக் டவுனில், ஒரு தொடர்மாடியில். மகளுக்கு அப்போது ஏழு முடிந்திருந்தது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற மிஸ் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டா. சூத்தை ஒன்றும் இல்லை, ஆனால் வாயை மூடும்போது கீழ்த்தாடை வலப்பக்கம் போகிறது, பற்சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள் என்று. வீட்டில் நாங்கள் பிள்ளையின் வாயைப் பார்ப்பதென்றால் "ஆ" காட்டச் சொல்லி டோர்ச் அடிப்போம். சூத்தை தேட அது போதும். குறுக்குக்கடி தெரிவது வாயை மூடும்போதுதான். அந்த மிஸ் மூடச் சொல்லிப் பார்த்திருக்கிறா.

விஷயம் என்னவென்றால், மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைச் சுற்றிவர வெளிப்பக்கமாக நின்று மூடவேண்டும், சாப்பாட்டுப் பெட்டியின் மூடி பெட்டியை மூடுவது மாதிரி. எங்காவது ஓரிடத்தில் மேற்பல் உள்ளுக்கும் கீழ்ப்பல் வெளியிலும் போனால் அது குறுக்குக்கடி. முன்னுக்கு ஒரு பல்லில் மட்டும் வரலாம், முன்பற்கள் எல்லாவற்றிலும் வரலாம், கொடுப்புப் பற்களில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ வரலாம். பார்க்க எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தாலும் காரணமும் வைத்தியமும் வேறு வேறு. பல் மட்டும் சரிந்து நிற்பது ஒன்று. மேல்தாடை எலும்பே ஒடுங்கியிருப்பதோ, பின்தங்கி இருப்பதோ இன்னொன்று. முதலாவது சின்ன வேலை. இரண்டாவதில்தான் வயது பெரிய கணக்காகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே கதிரையில் இருத்தி, பின்பற்களால் கடிக்கச் சொல்லுங்கள். முன்பல்லால் கடிக்க விடக்கூடாது. பிள்ளைகள் பல்லைக் காட்டச் சொன்னால் முன்பல்லைத்தான் முட்டவைப்பார்கள். "கொடுப்பால கச்சான் கடிக்கிற மாதிரிக் கடி" என்றால் விளங்கும். பிறகு கன்னத்தை விரலால் மெல்ல விலக்கி, இரண்டு பக்கமும் மேற்பல் வெளியில் நிற்கிறதா என்று பாருங்கள். மேல் இரண்டு முன்பற்களின் நடுக்கோடும் கீழ் முன்பற்களின் நடுக்கோடும் நேருக்கு நேர் வருகிறதா? அடுத்ததுதான் முக்கியம். வாயை அகலத் திறந்து, மெதுவாக மூடச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் நாடி ஒரு பக்கமாக வழுக்கிப் போகிறதென்றால் டொக்டரிடம் போக அது ஒன்றே போதும்.

ஏன் வழுக்குகிறது? இதை எங்களுக்கு விளங்கப்படுத்திய டொக்டர் மகளின் பல் அச்சை, அந்த மஞ்சள் பிளாஸ்டர் கட்டியை, கையில் வைத்துக் காட்டினார். அவளுக்கு வலப்பக்கம் மட்டும்தான் குறுக்குக்கடி தெரிந்தது. ஆனால் மேல்தாடையை அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஒடுக்கம். நேரே மூடினால் பல்லின் முனையும் முனையும் முட்டும், பெரும்பாலும் பால் வேட்டைப்பல்லில். அது அசௌகரியம். ஆகவே பிள்ளை தன்னை அறியாமல் தாடையை ஒரு பக்கம் தள்ளி, வசதியாகக் கடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒரு பக்கக் குறுக்குக்கடி என்று நாங்கள் பார்ப்பது பல பிள்ளைகளில் இப்படி இரண்டு பக்க ஒடுக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டதன் விளைவுதான்.

தாடை வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை வருடக்கணக்காக இப்படித் தள்ளிக் கடித்தால், தாடை அந்த நிலைக்கு ஏற்றபடியே வளரத் தொடங்கும். ஒரு பக்கம் கொஞ்சம் நீளம், மறுபக்கம் கொஞ்சம் கட்டை. எட்டு வயதில் வெறும் பழக்கமாக இருந்தது பதினெட்டில் முக எலும்பின் வடிவமாகிவிடக்கூடும். பால்பல்லில் குறுக்குக்கடி இருந்தால் பின்னால் முளைக்கிற நிலையான கொடுப்புப் பற்களும் அநேகமாக அதே பாதையில்தான் வரும். தானாகச் சரியாகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் பிள்ளை அந்தக் கூட்டமா என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. அமெரிக்கப் பற்சீரமைப்பாளர் சங்கம் முதல் பரிசோதனையை ஏழு வயதுக்குப் பிந்தாமல் செய்யச் சொல்வது இதற்காகத்தான். ஆறு வயதளவில் முதல் நிலையான கொடுப்புப் பல் வரும், ஏழு எட்டில் மேல் முன்பல் வரும்; அந்தக் கட்டத்தில் தாடையின் போக்கு தெரிந்துவிடும். ஏழு வயதில் காட்டுவது என்றால் ஏழு வயதில் கம்பி கட்டுவது என்று அர்த்தமில்லை. அநேகம் பேருக்கு "இப்ப ஒன்றும் வேண்டாம், அடுத்த வருசம் கொண்டு வாங்கோ" என்பதுதான் பதில்.

ஏன் வருகிறது என்று கேட்டால் ஒரு விடை இல்லை. பரம்பரை ஒரு பங்கு. விரல் சூப்புவது ஒரு பங்கு. சூப்பியை மூன்று வயது தாண்டியும் விடாத பிள்ளைகளில் பின்பல் குறுக்குக்கடி கூடுதலாக இருப்பதும், நீண்டகாலம் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளில் குறைவாக இருப்பதும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. காரணம் சிக்கலானதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி இருக்கும்போது உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்; கன்னத் தசை வெளியிலிருந்து உள்ளே அமுக்கும். விரலோ சூப்பியோ வாய்க்குள் இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும், கன்னத்தின் அமுக்கம் மட்டும் மிஞ்சும். மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கும் இதே கதை. எந்த நேரமும் மூக்கடைப்பு, இரவில் குறட்டை, வாய் திறந்த நித்திரை என்றால் பல் டொக்டருக்கு முன்னமோ கூடவோ காது மூக்குத் தொண்டை டொக்டரிடமும் காட்டுங்கள். அடினோயிட் சதை வீங்கியிருக்கலாம், தூசு ஒவ்வாமையாக இருக்கலாம். பிரதான வீதியோரத் தொடர்மாடிகளில் ஒரு நாள் யன்னலைத் திறந்து வைத்தால் மேசையில் படிகிற கறுப்புத் தூசைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

விரல் சூப்புகிற பிள்ளையின் விரலில் வேப்பெண்ணெய் தடவுவது, அடிப்பது, ஆட்களுக்கு முன்னால் நக்கலடிப்பது எல்லாம் எனக்குப் பிடிக்காத வைத்தியங்கள். நாலு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே விடுவார்கள். விடாதவர்களுக்கு அதற்கென்று வழிகள் உண்டு, டொக்டரிடம் கேளுங்கள்.

சரி, வைத்தியம். மேல்தாடை ஒரே எலும்பு என்று நினைத்திருந்தேன். இல்லையாம். இடது வலது என்று இரண்டு எலும்புகள் மேலண்ணத்தின் நடுவில் ஒரு பொருத்துக்கோட்டில் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகளில் அந்தக் கோடு இளக்கமாக இருக்கும். பதின்ம வயதின் நடுவிலிருந்து இறுகத் தொடங்கி, பிறகு ஆளுக்கு ஆள் வேறுபட்ட வயதில் முற்றாகப் பூட்டுப்படும். பூட்டுப்பட முதல் மெல்ல விலக்கினால் எலும்பே அகலும், நடுவில் புது எலும்பு நிரம்பும்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு நல்லாகப் பிடித்தது. 1860ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் வைத்தியர் பதினாலரை வயதுப் பெண் ஒருத்தியின் மேற்பற்களுக்கு இடையில் ஒரு திருகாணியைப் பொருத்தி, திறப்பை அவளிடமே கொடுத்து, வீட்டில் திருகிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டு கிழமையில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. எலும்பு பிரிந்துவிட்டது என்று அவர் டென்டல் கொஸ்மொஸ் சஞ்சிகையில் எழுதினார். யாரும் நம்பவில்லை. அந்தச் சஞ்சிகையின் ஆசிரியரே சந்தேகப்பட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் முப்பத்தைந்து வருடம் இருந்த காலம் அது, எலும்பு பிரிந்ததை அவர் எதைக் கொண்டு நிரூபிப்பது? அமெரிக்காவில் இந்த முறை கிட்டத்தட்ட நூறு வருடம் ஒதுங்கிக் கிடந்தது. பிறகு இலினோய்ஸில் அன்ட்ரூ ஹாஸ் பன்றிகளில் செய்து பார்த்து, பிள்ளைகளிலும் செய்து, 1961இல் வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. இன்று கொழும்பில் உங்கள் பிள்ளையின் வாயில் வைக்கிற எக்ஸ்பாண்டர் அந்தப் பெண்பிள்ளையின் திருகாணியின் வம்சம்தான்.

வேறு கருவிகளும் இருக்கின்றன. கழற்றிப் பூட்டுகிற பிளேட் ஒன்று, நடுவில் திருகாணியோடு. குவாட் ஹீலிக்ஸ் என்று நாலு சுருள் உள்ள கம்பி ஒன்று. அதைப் பல்லில் ஒட்டிவிடுவார்கள், திருகும் வேலை இல்லை. பால்பல்லும் நிலையான பல்லும் கலந்திருக்கிற வயதில் உள்ள பிள்ளைகளுக்குக் கழற்றுகிற பிளேட்டைவிட ஒட்டிவிடுகிற குவாட் ஹீலிக்ஸ் கூடுதலாக வெற்றி தருகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. தாய்மாருக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையா? கழற்றக்கூடிய பிளேட் பள்ளிக்கூடக் கன்ரீனில் ரிஷுவில் சுற்றி வைக்கப்பட்டு, ரிஷுவோடேயே குப்பைக்குப் போகும். மிகச் சின்னப் பிள்ளைகளில், பால் வேட்டைப்பல் முட்டுவதுதான் பிரச்சினை என்றால், அந்தப் பல்லின் முனையைக் கொஞ்சம் அராவிவிட்டாலே தாடை நேரே மூடத் தொடங்குவதும் உண்டு.

மகளுக்கு வைத்தது திருகாணி எக்ஸ்பாண்டர். ஒரு தரம் கால் சுற்று. கால் சுற்றுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். ஒரு நாளைக்கு எத்தனை என்று டொக்டர் சொல்லுவார், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. திருகாணியின் துளைக்குள் சின்னத் திறப்பை விட்டு, முன்னிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். திறப்பில் நூல் கட்டாமல் ஒருநாளும் வாய்க்குள் விடாதீர்கள்; கை வழுக்கினால் பிள்ளை விழுங்கிவிடும். என் கணவர்தான் டோர்ச் பிடிப்பார், நான் திருகுவேன், அவள் அலுமாரிக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மேற்பார்வை செய்வாள். திருகி முடிந்து கொஞ்ச நேரத்துக்கு மூக்கடியிலும் கண்களுக்கு நடுவிலும் ஒரு அமுக்கம் இருக்கும். நோ என்று சொல்ல முடியாதாம், "மூக்குக்குள்ள ஆரோ தள்ளுற மாதிரி" என்றாள். முதல் சில நாள் எச்சில் வழியும், "ச" "ல" எல்லாம் குழறும், புட்டு முழுக்க அண்ணத்தில் சிக்கும். புட்டு விருப்பமான பிள்ளை என்றால் சாப்பிட்டு முடிய ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், பிரஷ் மட்டும் போதாது.

ஏஞ்சலின் இடைவெளி எங்கள் வீட்டிலும் வந்தது. அம்மா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தா. "பிள்ளை, இது என்ன கோதாரி? நல்லா இருந்த முன்பல்லை இப்பிடிப் பிரிச்சு வைச்சிருக்கிறியள்!" அம்மாவுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த இடைவெளி வந்தால்தான் எலும்பு அகல்கிறது என்று அர்த்தம். திருகுவதை நிறுத்திய பிறகு முரசின் நார்கள் இழுத்து, அது தானாகவே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மூடியது.

அகட்டும்போது கொஞ்சம் கூடுதலாகவே அகட்டுவார்கள், பிறகு கொஞ்சம் திரும்பிவரும் என்பதால். பிறகு திருகாணியைப் பூட்டி, கருவியைக் கழற்றாமல் மூன்று முதல் ஆறு மாதம் விடுவார்கள். இந்தக் காலத்தில்தான் பெற்றோருக்குப் பொறுமை போகும். "எல்லாம் சரியாயிட்டுதே, ஏன் இன்னும் கழட்டேல்ல?" பல் சரியாகிவிட்டது, எலும்பு நிரம்பவில்லை. அவசரப்பட்டுக் கழற்றினால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

முன்பல் குறுக்குக்கடிக்கு வருவோம். எட்டு வயதளவில் மேல் முன்பல் ஒன்று உள்ளுக்கு முளைத்து, கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது வெகு சாதாரணம். பால்பல் விழாமல் அடம்பிடித்து நின்றதாலோ, சின்ன வயதில் விழுந்து அடிபட்டதாலோ வரலாம். மாட்டிக்கொண்ட பல் கீழ்ப்பல்லை ஒவ்வொரு கடிக்கும் வெளியே தள்ளும். அந்தக் கீழ்ப்பல்லின் முன்பக்கத்து முரசு கீழிறங்கத் தொடங்கும், பல் நீளமானது மாதிரித் தெரியும். அதைக் கண்டால் நாள் கடத்த வேண்டாம். சின்னக் கம்பிச் சுருள் வைத்த ஒரு பிளேட்டோ, நாலு முன்பல்லிலும் இரண்டு கொடுப்புப் பல்லிலும் ஒட்டுகிற சின்னக் கம்பியோ பெரும்பாலும் சில மாதங்களில் முடித்துவிடும். பல் முன்னே வந்து கீழ்ப்பல்லை மூடிவிட்டால் அந்த மூடுதலே பல்லைத் திரும்பப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். குறைந்த செலவில் இவ்வளவு நிச்சயமான பலன் தருகிற பல் வைத்தியம் வேறு இருக்கிறதா தெரியாது. ஐஸ்கிறீம் தடியைக் கடிக்க வைத்துப் பல்லைத் தள்ளுகிற பழைய முறையும் உண்மைதான், ஆனால் பல் முளைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பல்லுக்கு, இடம் இருந்தால் மட்டும். டொக்டர் காட்டித்தந்தால் செய்யுங்கள், யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள்.

முன்பற்கள் எல்லாமே உள்ளுக்கு, நாடி முன்னுக்கு என்றால் அது வேறு. அங்கே மேல்தாடை பின்தங்கியிருக்கிறது, அல்லது கீழ்த்தாடை முந்துகிறது, அல்லது இரண்டும். ஐரோப்பாவின் ஹப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஓவியங்களைப் பார்த்தால் தலைமுறை தலைமுறையாக அந்த நாடி தெரியும். ஸ்பெயினின் கடைசி ஹப்ஸ்பர்க் மன்னன் இரண்டாம் கார்லோஸுக்கு (1661–1700) சாப்பாட்டைச் சரியாகச் சப்ப முடியாதாம். சொந்தத்துக்குள் சொந்தம் முடித்ததற்கும் அந்தத் தாடைக்கும் தொடர்பிருக்கிறது என்று 2019இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மச்சான் மச்சாள் கலியாணம் பண்ணுகிற நாங்கள் சிரிக்க முதல் குடும்ப அல்பத்தை ஒருதரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இந்தப் பிள்ளைகளுக்கு முகத்தில் பூட்டுகிற ஒரு கருவி இருக்கிறது, ஃபேஸ்மாஸ்க். நெற்றியிலும் நாடியிலும் தாங்கி, ரப்பர் பட்டியால் மேல்தாடையை முன்னே இழுக்கும். ஒரு நாளில் 12–14 மணித்தியாலம், பெரும்பாலும் பின்னேரமும் இரவும். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. பத்து வயதுக்கு முதல் தொடங்கினால்தான் பலன் கூட. பிரித்தானியாவின் எட்டு ஆஸ்பத்திரிகளில் 73 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வில், ஆறு வருடத்துக்குப் பிறகு தாடைச் சத்திரசிகிச்சை தேவைப்படும் என்று கணிக்கப்பட்டவர்கள் மாஸ்க் போட்டவர்களில் 36 வீதம், போடாதவர்களில் 66 வீதம். போட்டவர்கள் எல்லாரும் தப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். பத்து வயதுக்கு முதல் என்ற அந்த வாசல் மூடியபின் இந்த வழி கிட்டத்தட்ட இல்லை. பிறகு வளர்ச்சி முடியும்வரை காத்திருந்து சத்திரசிகிச்சைதான்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு எங்கள் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கிற பிள்ளைகளுக்குக் குறுக்குக்கடி வெகு சாதாரணம். இங்கிலாந்தில் குழந்தையாக இருக்கும்போதே சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகள் வளர வளர மேல்தாடை பின்தங்கி, ஒடுங்கிப் போவதைக் கண்டார்கள். காரணம் பிளவா, அதைத் தைத்த சத்திரசிகிச்சையின் தழும்பா? அங்கே விடை காண முடியாது, ஏனென்றால் அங்கே சத்திரசிகிச்சை செய்யாத பெரியவர்களே இல்லை. இலங்கையில் இருந்தார்கள். லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் ஆஸ்பத்திரியின் பற்சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ் 1980களில் குழுவோடு இங்கே வந்து, தெற்கே காலிப் பக்கம் வேலை செய்தார். வைத்தியம் கிடைக்காமலே வளர்ந்துவிட்ட ஆட்களின் பல் அச்சுகளையும் எக்ஸ்ரேக்களையும் எடுத்தார். சத்திரசிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்க வழி செய்தார். ஒன்றும் செய்யப்படாத அந்த ஆட்களின் மேல்தாடை நன்றாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. அதாவது வளர்ச்சியைத் தடுத்ததில் பெரும் பங்கு தழும்புக்கு.

அப்படியென்றால் தைக்காமல் விடுவதா? அந்த ஆட்களின் பேச்சு விளங்கவில்லை. அண்ணத்தைத் தைக்காமல் விட்டால் பேச்சு போகும், தைத்தால் தாடை பின்தங்கும் அபாயம். பேச்சைத்தான் எல்லாரும் தெரிவு செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் எந்த வயதில், எவ்வளவு மென்மையாகத் தைப்பது என்று உலகம் முழுக்க நடந்த விவாதத்துக்குள் எங்கள் கிராமத்துச் சனத்தின் பிளாஸ்டர் அச்சுகள் போயின. தாடைகளின் உறவை ஐந்து தரமாகப் பிரித்து அளக்கிற கொஸ்லன் அளவுகோலை 1987இல் வெளியிட்டவர்களில் முதல் பெயர் மார்ஸுடையது. இன்றும் பிளவு அண்ணச் சிகிச்சை நிலையங்கள் அதைப் பாவிக்கின்றன. வீட்டில் அப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், குறுக்குக்கடி வரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, பல் டொக்டரையும் ஆரம்பத்திலிருந்தே அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பெரியவர்கள். என் தம்பி கொட்டாஞ்சேனையில் இருக்கிறான், முப்பது தாண்டிவிட்டது. மகளுக்குத் திருகாணி போட்ட கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். இடப்பக்கம் கொடுப்பு குறுக்குக்கடி. "அக்கா, எனக்கும் உந்தத் திருகாணியைப் போடலாமோ?" போடலாம், ஆனால் எலும்பு விலகாது. பூட்டுப்பட்ட பொருத்தில் சாதாரண எக்ஸ்பாண்டரைத் திருகினால் பற்கள் வெளிப்பக்கம் சரியும், முரசு இறங்கும், நோவும்.

பெரியவர்களுக்கு உள்ள வழிகள் வேறு. கொஞ்ச ஒடுக்கம் என்றால் கம்பியாலோ, கழற்றிப் போடுகிற தெளிந்த பிளாஸ்டிக் உறையான அலைனராலோ பற்களை மட்டும் நகர்த்திச் சமாளிக்கலாம். கூடுதல் என்றால் அண்ண எலும்பிலேயே நாலு சின்ன ஸ்குரூ இறக்கி அதில் எக்ஸ்பாண்டரைப் பூட்டுகிற முறை ஒன்று இருக்கிறது, மார்ப்பி என்பார்கள். தென்கொரியாவில் யொன்செய் பல்கலைக்கழகத்தார் 2010இல் அதைப் பற்றி எழுதியபின் பரவியது. இருபதுகளில் இருப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது, வயது ஏற ஏற வெற்றி குறைகிறது. அதுவும் முடியாதென்றால் சத்திரசிகிச்சையால் எலும்பைத் தளர்த்திவிட்டு அகட்டுவது. தாடையே முன்பின் மாறியிருந்தால் வளர்ச்சி முடிந்தபின் தாடைச் சத்திரசிகிச்சையும் கம்பியும் சேர்ந்து.

தம்பியைப் பார்த்த டொக்டர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்தன. சாப்பிடச் சிரமமா? மூடும்போது தாடை வழுக்குகிறதா? பல் தேய்கிறதா? முரசு இறங்குகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை. "அப்ப விடுங்கோ, வருசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ" என்று அனுப்பிவிட்டார். வழுக்கல் இல்லாத, தேய்வு இல்லாத, வருடக்கணக்காக நிலையாக இருக்கிற பெரியவரின் குறுக்குக்கடி ஒரு நோயில்லை. அதற்கு மாறாக, குறுக்குக்கடியைச் சரிசெய்தால் தலையிடி போகும், கழுத்து நோ போகும், தாடை மூட்டுச் சத்தம் போகும் என்று யாராவது உறுதி தந்தால் எழும்பி வந்துவிடுங்கள். தாடை மூட்டு நோவுக்கும் கடிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானதில்லை, அதற்கு ஆதாரம் பலவீனம்.

அலைனர் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் இப்போது பல் கிளினிக் விளம்பரம் என்றாலே கண்ணுக்குத் தெரியாத அலைனரும் சிரிக்கிற முகமும்தான். திறமான நிபுணர் கையில் அது நல்ல கருவி. ஆனால் வீட்டிலேயே அச்சு எடுத்துத் தபாலில் அலைனர் வாங்குகிற வியாபாரம் வேறு. அதில் உலகத்திலேயே பெரிய பெயராக இருந்த அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டிரெக்ட் கிளப் 2023 டிசம்பரில் இழுத்து மூடியது. சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். வாய்க்குள் ஒரு டொக்டர் கூடப் பார்க்காமல் குறுக்குக்கடிக்கு வைத்தியம் கிடையாது.

கொழும்பில் எங்கே போவது? பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களை முதலில் சொல்வேன், ஏனென்றால் எங்களுக்குக் கண்டுபிடித்துத் தந்தவர்களே அவர்கள்தான். மஹரகமவில் அவர்களுக்கான பயிற்சிக் கல்லூரி 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு வந்தது. நியூசிலாந்தின் பாடசாலைப் பல் தாதிகள் முறையைப் பார்த்து ஏற்படுத்தியது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பற்சிகிச்சை நிலையம் பொறுப்பு என்று விசாரித்து வையுங்கள். சூத்தைக்கு மட்டும் போகாமல் "கடி சரியா" என்றும் கேளுங்கள். அங்கிருந்து துண்டு தந்தால் வோட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையில் பற்சீரமைப்புப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி, இலவசம். நெரிசலுக்கும் காத்திருப்புக்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டு காலையிலேயே போங்கள். காத்திருக்க வேண்டும் என்பதாலேயே ஏழு வயதில் பெயர் கொடுப்பது பதினொன்றில் கொடுப்பதைவிட நல்லது.

தனியாரிடம் போவதென்றால், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்த பல் வைத்தியரா, பற்சீரமைப்பில் விசேட பயிற்சி பெற்றவரா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நாங்கள் முதலில் போன ஒரு கிளினிக்கில் பிள்ளையின் வாயை மூடச் சொல்லிக்கூடப் பார்க்காமல், முழுப் பல்லுக்கும் கம்பி, இரண்டு வருடம் என்று விலை சொன்னார்கள். பாதி பால்பல் இருக்கிற வாயில் முழுக் கம்பி எதற்கு? மொத்தச் செலவையும் எழுத்தில் கேளுங்கள், கருவி உடைந்தால் யார் பொறுப்பு, கழற்றிய பின் பல் திரும்பிப் போகாமல் பிடிக்கிற ரிட்டெய்னர் அதில் அடக்கமா என்பதையும் சேர்த்து. ஒரு எக்ஸ்பாண்டரோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பதின்ம வயதில் நெருக்குப்பட்ட பல்லுக்காகத் திரும்பவும் கம்பி தேவைப்படலாம். முதல் வைத்தியம் தாடைக்கு, இரண்டாவது பல்லுக்கு.

மகளுக்கு இப்போது நாடி நேரே மூடுகிறது. பால் கொடுப்புப் பற்கள் இன்னும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. அம்மா சொன்ன மாதிரி விழட்டும் என்று இருந்திருந்தால் கடைசிப் பால்பல் விழுவது பன்னிரண்டு வயதளவில். உங்கள் வீட்டில் ஆறு, ஏழு, எட்டு வயதில் பிள்ளை இருந்தால் இன்றைக்கே யன்னலடிக்குக் கூப்பிட்டு, வாயைத் திறந்து மெதுவாக மூடச் சொல்லிப் பாருங்கள். நாடி பக்கத்துக்குப் போனால் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே காசு கேட்கமாட்டார்கள்.